ஊசி வழுக்குகிறதா, பாட்டு கரகரக்கிறதா? பழைய கிராமபோனின் டோன் ஆர்மைச் சரிசெய்யும் வழி

இங்கே பேசப்போவது சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்களைப் பற்றி. மின்சாரம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு மட்டுமே பாடும். 1925-ல் வந்த எச்.எம்.வி. 101, 1931-ல் வந்த 102 போன்ற கைப்பெட்டிகள், மேஜை மாடல்கள், புனல் வைத்தவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். உருளை வைத்துப் பாடும் எடிசன் போனோகிராபுகளின் அமைப்பே வேறு. அவற்றுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

மின்சார ரெக்கார்டு பிளேயரில் டோன் ஆர்ம் என்பது ஊசியைத் தாங்கும் கை, அவ்வளவுதான். கிராமபோனில் அதுவே ஒலி போகும் குழாயும் ஆகும். ஊசியைப் பிடித்து, அதன் அதிர்வை ஒரு மெல்லிய சவ்வால் ஒலியாக்கும் வட்டப் பெட்டிதான் சவுண்ட் பாக்ஸ். அதில் பிறக்கும் ஒலி வளைகழுத்து (கையின் முனையில் சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் வளைந்த குழாய்), கை, கையின் அடிப்பாகம் வழியாகப் புனலுக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு வேலை: தடையில்லாமல் அசைய வேண்டும், காற்றும் கசியக் கூடாது. அசைவுக்காகத் தளர்த்தினால் கசியும், கசிவை அடைக்க இறுக்கினால் அசையாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இழுபறியிலிருந்து வருபவைதான். எதைத் தொட்டாலும் இரண்டையும் சோதித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

திருப்புளியை எடுக்கும் முன்

புது ஊசி போடுங்கள். கை கெட்டுவிட்டது என்று வரும் பெட்டிகள் பலவற்றில் கெட்டிருப்பது ஊசி மட்டுமே. எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. சிக்கனம் பார்க்க இது இடமில்லை. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் பாடுகிறது. அதற்குள் ஊசி முனை சுமார் 125 மீட்டர் தூரம் அரக்கை உரசிக்கொண்டு போகிறது. அரக்கோடு கல்தூள் கலந்திருப்பதால் முதல் சில சுற்றுகளிலேயே முனை தடத்தின் வடிவத்துக்குத் தேய்ந்துகொள்ளும். அப்படித் தேயத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. பாட்டு முடியும்போது முனையின் இரு பக்கமும் உளிபோல் கூராகியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் உளி வைத்துச் செதுக்கியதாகவே ஆகும்.

ஊசியை ஊசிப்பிடியின் அடிவரை தள்ளிப் பக்கத் திருகை விரலால் இறுக்குங்கள். குறடு வேண்டாம், மரை போய்விட்டால், ஊசியின் அசைவைச் சவ்வுக்குக் கொண்டுபோகும் அந்த ஊசித்தண்டுக்கு மாற்று கிடைப்பது கடினம்.

அடுத்தது மட்டம். சுழல்தட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், பிறகு அதைப் படுக்கையாகவே கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு திசையிலும் குமிழ் கோட்டுக்குள் நிற்க வேண்டும். குறை இருந்தால் பெட்டியின் கால்களுக்கு அடியில் அட்டைத் துண்டு கொடுத்தால் போதும்.

சோதனைக்கு நன்றாகப் பாடும், ஆனால் அருமையில்லாத ஒரு தட்டை ஒதுக்கி வையுங்கள். வினைல் எல்.பி.யை எந்தக் காரணத்துக்காகவும் இதில் வைக்காதீர்கள். இந்தக் கையின் பாரம் ஊசி முனையில் 100 கிராமுக்கு மேல் இறங்குகிறது, எல்.பி.க்குத் தேவை சில கிராம்தான். ஒரே ஓட்டத்தில் தடம் அழிந்துபோகும்.

ஊசி தட்டின் குறுக்கே வழுக்கி ஓடுகிறது

ஓரத்தில் வைத்தவுடன் மட்டும் வழுக்கினால் அது கோளாறு ஆகாது. பழைய தட்டுகள் பலவற்றில் நுழைவுத் தடமே கிடையாது. வெறும் ஓரத்தில் வைத்த ஊசியை நாம்தான் மெல்ல முதல் தடத்துக்குள் தள்ளிவிட வேண்டும்.

பாட்டின் நடுவிலும் வழுக்கினால் முதலில் வேறொரு தட்டு போட்டுப் பாருங்கள். கனத்த ஊசியில் நூறு முறை பாடிய தட்டில் தடச்சுவரே மிஞ்சியிருக்காது. தட்டு நன்றாக இருந்தும் வழுக்குகிறதென்றால் சவுண்ட் பாக்ஸ் தன் முழுப் பாரத்தோடு இறங்கவில்லை என்று பொருள். வளைகழுத்து, கையின் முனையில் சுழலும் மூட்டில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். சவுண்ட் பாக்ஸை 2 செ.மீ. தூக்கி, விரலைக் கீழே தாங்கலாக வைத்துக்கொண்டு விடுங்கள். தயங்காமல் விரலில் வந்து விழ வேண்டும். மெதுவாக ஊர்ந்து இறங்கினால் மூட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கழுத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சிறு திருகோ முள்ளோதான். திருகை முழுதும் கழற்றி, கழுத்தை இடமும் வலமும் லேசாகத் திருப்பியபடி இழுங்கள். இரண்டு முகத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவைத்து, வாசலினைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூசித் திரும்பக் கோர்க்கவும். இந்த மூட்டுக்கு வாசலின் இரட்டை வேலை செய்கிறது: வழுக்கும் பொருள் அதுவே, காற்றை அடைக்கும் பொருளும் அதுவே. மெல்லிய எண்ணெய் விட்டால் மூட்டு அசையும், ஆனால் ஒலி கசியும். துரு நீக்கும் ஸ்பிரேக்கள் சில நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னிலும் மோசமாக்கும்.

ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடுகிறது, அல்லது கை நடுவில் நின்றுவிடுகிறது

எப்போதும் ஒரே இடத்தில்தான் என்றால் தட்டில் கீறல். வெவ்வேறு தட்டில் ஏறக்குறைய ஒரே தூரத்தில் என்றால் கையின் கிடைமட்ட அசைவில் தடை. இதைக் கண்டுபிடிக்க ஒரு தீப்பெட்டி போதும். ஊசி மாற்றும்போது செய்வதுபோல் சவுண்ட் பாக்ஸை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தின் அடியில் தீப்பெட்டியைப் படுக்கையாக வைத்துப் பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். கை தானாகவே தாழ்ந்த பக்கம் போய்ச் சேர வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் திரும்பி வர வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் தடை இருக்கிறது.

தானாக நிறுத்தும் பிரேக் உள்ள மாடல் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல். பாட்டு முடியும் இடத்தில் கை ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிரேக்கைப் போடுகிறது. அந்த நெம்புகோல் இறுகியிருந்தால் அதைத் தள்ளும் பாரம் முழுதும் ஊசி முனையிலும் தடச்சுவரிலும் விழும். பிரேக் இணைப்பை விலக்கிவிட்டுத் தீப்பெட்டிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். கை விடுபட்டால் நெம்புகோலின் அச்சில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது.

இணைப்பை விலக்கியும் தடை இருந்தால் அடிப்பாகத்தைத்தான் கழற்ற வேண்டும். சவுண்ட் பாக்ஸை முதலில் எடுத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அடித்தட்டின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஊசி போகும் பாதை மாறும். பெட்டியை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்துவிட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். பால்ரஸ் குண்டுகள் கூண்டில் இருக்கலாம், உதிரியாகவும் இருக்கலாம். உதிரி என்றால் தெறித்து ஓடும், துணி அதற்காகத்தான். எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குண்டுகளையும் அவை உருளும் தடத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டூசி முனையால் தடத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். குழி இருந்தால் முனை சிக்கும். குண்டில் ஒன்று துருப்பிடித்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுவதே நல்லது, ஏனென்றால் புதியதும் தேய்ந்ததும் கலந்தால் பாரம் ஒன்றிரண்டின் மேல் மட்டும் விழும். வெர்னியரில் அளந்துகொண்டு போனால் அதே அளவு சைக்கிள் கடையிலேயே கிடைத்துவிடலாம். மெல்லிய கிரீஸில் குண்டுகளை ஒட்டவைத்து மூடுங்கள். கூம்புத் திருகு உள்ள மாடல்களில் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, பிறகு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு தளர்த்துங்கள். குழாய்க்குள் வழிந்த கிரீஸைத் துணி சுற்றிய குச்சியால் துடைக்க மறக்க வேண்டாம்.

பலமான இடங்களில் கரகரப்பு

இதற்குக் காரணங்கள் பல. அதனால் வரிசை முக்கியம்.

மூடியில் ஆடும் தாழ்ப்பாள், ஊசி வைக்கும் கிண்ணத்தில் கிடக்கும் பழைய ஊசிகள், புனலின் தளர்ந்த திருகு எல்லாமே பாட்டோடு சேர்ந்து அதிரும். பாடும்போதே ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது கரகரப்பு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் தட்டை நிறுத்தி, புது ஊசியோடு ஊசி முனையை விரல் நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். புனலிலிருந்து சுத்தமான ‘டொக்’ வர வேண்டும். கூடவே ‘சர்’ என்று ஒரு வால் வந்தால் கோளாறு சவுண்ட் பாக்ஸில்.

சவுண்ட் பாக்ஸ் கையோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. சவ்வின் அதிர்வு கையின் உலோகத்துக்குப் போகாமல் தடுப்பதும் காற்றை அடைப்பதும் அதன் வேலை. எண்பது, தொண்ணூறு வருடத்தில் அது ரப்பராக இருக்காது. கட்டைபோல் இறுகி, சில சமயம் தூளாக உதிரும். நகம் பதியவில்லை என்றாலே மாற்ற வேண்டியதுதான். பின்தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி எடுத்து, அதே தடிமனில் புது ரப்பர் வளையம் போட்டு, தகடு ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முழுப் பலத்தோடு இறுக்கினால் புது ரப்பரும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

ஊசித்தண்டின் மேல்முனை சவ்வின் நடுவில் ஒரு சிறு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகு தளர்ந்தால் வரும் கரகரப்பு தனி ரகம்: மெல்லிய பாட்டில் கேட்காது, குரல் உச்சிக்குப் போகும்போது மட்டும் கிழியும். சவ்வை விரலால் தொடாமல் திருகை நிறுத்தம் வரும்வரை மட்டும் திருப்பி, மேலே கடுகளவு தேன்மெழுகு வையுங்கள்.

பழைய சவுண்ட் பாக்ஸ்களில் சவ்வு மைக்காவால், அதாவது காக்காப்பொன்னால் ஆனது. அதில் வெள்ளிநிறத் திட்டுகள் தெரிந்தால் அடுக்குகள் பிரிந்துவிட்டன, மாற்ற வேண்டும். சவ்வின் இருபக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையங்கள் உண்டு. இவையும் இறுகியிருக்கும். புதுக் குழாயைப் பழையதன் தடிமனை அளந்து வாங்குங்கள். கைக்குக் கிடைத்த தடித்த குழாயைப் போட்டால் சவ்வு நெரிந்து, ஒலி தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஆகும். முனைகள் இரண்டும் இடைவெளியின்றி முட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது.

வளையம் மாற்றிய பிறகு ஊசித்தண்டின் சமநிலை மாறியிருக்கும். இந்த அடியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடுத்திருகை எடுத்துவிட்டு, தண்டின் பாதம் சவ்வின் நடுவில் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை இருபக்க வில்திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். தண்டு சவ்வைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அதன் பிறகே நடுத்திருகு. தண்டு சவ்வை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நல்ல ரப்பர் போட்டும் பாட்டு தெளியாது.

1925-க்குப் பிறகு பரவிய அலுமினியச் சவ்வு சவுண்ட் பாக்ஸ்கள் இன்னும் நுட்பமானவை. சிலவற்றில் ஊசித்தண்டு மிகச்சிறு எஃகுக் குண்டுகளின் மேல் அசைகிறது. பழகாத கை திறந்தால் குண்டுகள் போய்விடும். அலுமினியச் சவ்வில் குழி விழுந்திருந்தால் அதைப் பின்னாலிருந்து தள்ளி நிமிர்த்த முயலாதீர்கள். இருட்டறையில் பின்துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சவ்வு ஓட்டை.

சத்தம் மெலிந்துவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே இல்லை

கசிவில் முதலில் காணாமல் போவது கீழ்ஸ்தாயி. குரலும் வயலினும் ஒருவாறு கேட்கும், அடித்தொனி மறைந்துவிடும். சவுண்ட் பாக்ஸைக் கழற்றி, பின்துளையில் சுத்தமான ரப்பர் குழாயைப் பொருத்தி, மிக மெல்ல உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிடிமானம் ஒன்றிரண்டு நொடியாவது நிற்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் சவ்வே உள்ளே வந்துவிடும். பிடிமானம் நிற்கிறதென்றால் கசிவு கையில்.

சவுண்ட் பாக்ஸ் கையில் தளர்வாக உட்கார்ந்தால், கையின் முனையில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றிப் பொருத்துங்கள். பின்னால் எடுத்துவிடலாம், உலோகத்துக்கும் கேடில்லை. வளைகழுத்து மூட்டுக்கு முன்சொன்ன வாசலின். கையின் அடிப்பாகம் புனலோடு சேரும் இடத்தில் இருக்கும் ஃபெல்ட் அல்லது தோல் வளையத்தைப் பூச்சி தின்றிருக்கும். புதிதாக வெட்டிப் போடுங்கள். பசை மட்டும் வேண்டாம், அடுத்தவர் கழற்ற வேண்டியிருக்கும்.

தட்டில் சாம்பல் நிறத் தூள் குவிகிறது

கொஞ்சம் தூள் இயல்பு. ஊசிக்குப் பின்னால் வரிவரியாகக் குவிந்தால் ஊசியின் கோணத்தைப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஊசி தட்டோடு 55 முதல் 60 பாகை வரை சாய்ந்து, தட்டு சுழலும் திசையில் இழுபட வேண்டும்; எதிர்த்துக் குத்தக் கூடாது. சவுண்ட் பாக்ஸைக் கழுத்தில் சற்றே சுழற்றினால் இந்தக் கோணம் மாறும். முன்னாலிருந்து பார்த்தால் ஊசி இடம் வலம் சாயாமல் நேராக நிற்க வேண்டும். ஓடாத தட்டின் மேல் சிறு கண்ணாடியை வைத்து ஊசியை அதில் இறக்குங்கள். ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. நடுவில் மடிந்து தெரிந்தால் கழுத்து முறுக்கியிருக்கிறது.

மூன்றாவது, தடத்தோடு சவுண்ட் பாக்ஸ் ஒத்துப்போகும் கோணம். 1924-ல் பெர்சி வில்சன் இதைக் கணக்குப் போட்டு எழுதிய பிறகே கையின் நீளத்துக்கும் அச்சாணிக்கும் உள்ள தொடர்பில் பலரும் கவனம் செலுத்தத் தொடங்கினார்கள். சோதிக்க ஓர் அட்டை போதும். நடுவில் அச்சாணிக்குத் துளை, துளையிலிருந்து ஒரு நேர்கோடு, அதில் 6 செ.மீ.யிலும் 11 செ.மீ.யிலும் புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலும் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு குறுக்குக்கோடு. அட்டையைத் திருப்பி ஊசி முனையைப் புள்ளியில் வைத்து மேலிருந்து பாருங்கள். சவுண்ட் பாக்ஸின் முகம் குறுக்குக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஐந்தாறு பாகை விலகல் இருந்தால் விட்டுவிடுங்கள், அன்றைய தயாரிப்பே அப்படித்தான். 10 பாகைக்கு மேல் போனால் தடத்தின் ஒரு சுவர் மட்டும் அரைபடும். அடித்தட்டின் திருகுத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளிக்குள் நகர்த்திப் பார்க்கலாம். அசல் பெட்டியில் புதுத் துளை போடாதீர்கள். பித்தளைப் புனலும் புது மரப்பெட்டியும் பழைய கைப்பெட்டியின் உதிரிகளும் சேர்த்து ஒட்டிய போலிகளில் இந்தக் கோணம் எங்கோ இருக்கும். அவற்றில் நல்ல தட்டு எதையும் வைக்காமல் இருப்பதே தட்டுக்குச் செய்யும் உபகாரம்.

சுருதி அலைகிறது

தட்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கை இடமும் வலமுமாக ஆடினால் தட்டின் துளை நடுவில் இல்லை. கை நிலையாக இருந்து சுருதி மட்டும் இறங்கினால் அது மோட்டார், கவர்னர் (வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) சங்கதி. வேகத்தை, ஊசி தட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்; ஊசியின் இழுவை வேகத்தைக் குறைக்கும். தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு செருகி நிமிடத்துக்கு 78 எண்ணலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பின் கீழ் 77 கோடு போட்ட சுழல் அட்டை நின்றதுபோல் தெரிந்தாலும் சரி. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெரியாது.

கை அசையவே மாட்டேன் என்கிறது

இதில் அவசரம் கூடாது. 1920, 30-களின் சவுண்ட் பாக்ஸ் கூடுகளும் அடித்தட்டுகளும் பல துத்தநாகக் கலப்பு வார்ப்பு. வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் அது வருடக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து உப்பும், வெடிக்கும், ஈரக்காற்றில் இன்னும் வேகமாக. நிக்கல் பூச்சில் சிலந்திவலைபோல் மெல்லிய கீற்றுகள் தெரிகிறதா, கூடு உப்பிக் கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் முறுக்கவோ தட்டவோ சூடுகாட்டவோ கூடாது, பிஸ்கட்டைப்போல் உடையும். மூட்டின் விளிம்பில் ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அந்தப் பாகத்தை அப்படியே விட்டுவிட்டு, பித்தளையில் செய்த அதே காலத்து மாற்றுப் பாகம் தேடுங்கள். கீற்றுகள் இல்லாத பித்தளைக் கை இறுகியிருந்தால் பயமில்லை. உள்ளே இருப்பது காய்ந்த கிரீஸ் மட்டுமே, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறினால் விட்டுக்கொடுக்கும்.